பிளாட்டர் ஓடிய ஞாயிறு

முதலில் அந்தக் காகிதத்தில் வந்தது வரைபடம் இல்லை, வெறும் எழுத்துகள். மூன்றடி அகலச் சுருள் மெல்ல நகர, மைப்பெட்டி இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் போய்வந்து, ஆங்கில எழுத்துகளையும் சதவீதக் குறிகளையும் அடைப்புக்குறிகளையும் வரி வரியாக இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு பிரஸ் மெஷினின் முன்பக்கப் படம் வர வேண்டிய இடம் அது. நான் பயந்துபோய் சுவிட்சை அணைக்கப் போனேன். மெயின்டனன்ஸ் அண்ணன் கையைக் குறுக்கே நீட்டித் தடுத்தார். "இரும்மா, இரு. அது பேசுது பாரு. நமக்குத்தான் பாஷை தெரியல" என்றார். ஆறேழு அடி நீளத்துக்கு அச்சாகித் தரையில் சரிந்த தாளைக் கிழித்தெடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, தபாலில் வந்த கடிதத்தைப் படிக்கிறவர் மாதிரி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான்கு வருடமாகச் செத்துக் கிடந்த இயந்திரம் எதையோ ஒன்றை அச்சடித்துவிட்டது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம். எனக்கோ அது ஓடிவிடுமோ என்ற பயம். ஒரே அறையில் ஒரே தாளைப் பார்த்து இரண்டு பேருக்கு வந்த அந்த இரண்டு உணர்ச்சிகளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்கு இரும்புத் தகட்டில் உதிரிப் பாகங்கள் அடித்துக் கொடுக்கும் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையில் நான் டிராயிங் செக்‌ஷனில் இருந்தேன். அவர் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீசியன். மேலே இருப்பவர்கள் தவிர எல்லோருக்குமே அவர் மெயின்டனன்ஸ் அண்ணன்தான். கெலமங்கலத்துக்குப் பக்கத்தில் ஊர். வீட்டில் தெலுங்கு, லைனில் பாதிப் பேரோடு கன்னடம், எங்களோடு தமிழ். இயந்திரங்களோடு மட்டும் எப்போதும் தெலுங்கு. மோட்டார் கிளம்ப மறுத்தால் அதன் மேல் கை வைத்து, "ரா தல்லி, ரா" என்பார். வா தாயே, வா என்று அர்த்தம். மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை கறுப்பு இன்சுலேஷன் டேப்பால் சுற்றியிருப்பார். புதிது வாங்கச் சொன்னால், "கண்ணு தெரியுது இல்ல, போதும்" என்பார். எனக்கும் அவருக்கும் வயதில் ஏழெட்டு வருடம்தான் வித்தியாசம். பெரிய நெருக்கம் என்று சொல்ல முடியாது. டிராயிங் ரூம் ஏசி நின்றால் அவரைக் கூப்பிடுவோம், வருவார், சரி செய்வார், ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டுப் போவார். அந்த விபத்து நடக்காமல் இருந்திருந்தால் அவரைப் பற்றி எழுத என்னிடம் இதற்கு மேல் ஒன்றும் இருந்திருக்காது.

விபத்து சூளகிரியிலிருந்து கான்ட்ராக்ட் பஸ்ஸில் வந்துபோன ஓர் அக்காவுக்கு நடந்தது. தகட்டை அச்சுக்குள் வைத்து இரண்டு பட்டனையும் அழுத்தினால் மேலிருந்து இறங்கி அடிக்கும் பவர் பிரஸ்ஸில் அவருக்கு வேலை. கை உள்ளே போகாமல் இருக்க அதன் முன்னால் ஓர் இரும்பு வலைத் தடுப்பு உண்டு. கார்டு என்போம். புதிதாக ஒரு நீளமான அச்சு வந்தபோது அந்தத் தடுப்பு இடித்தது. தகட்டை வைத்து எடுக்க நேரம் பிடிக்கிறது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் என் மேசைக்கு வந்தார். "கார்டைத் தூக்கிட்டு ஒரு ரிவிஷன் போடுங்க. ஹோல்ஸ அடைக்கச் சொல்லி நோட் போட்டுடுங்க. அப்ரூவல் நான் அப்புறம் சைன் பண்றேன்" என்றார். போட்டேன். பழைய படத்தைத் திருத்த இருபது நிமிட வேலை. வரைபடத்தின் ஓரத்தில் இருக்கும் கட்டத்தில், வரைந்தவர் என்ற இடத்தில் என் இனிஷியலைப் போட்டேன். ஒப்புதல் அளித்தவர் என்ற இடம் காலியாக இருந்தது, அப்படியே இருந்துவிட்டது. அந்த வரைபடத்தைப் பார்த்து அண்ணன் தடுப்பைக் கழற்றினார், போல்ட் போட்டிருந்த நான்கு துளைகளிலும் புட்டி அடைத்துப் பச்சை பெயின்ட் அடித்தார். இரண்டு கையாலும் அழுத்த வேண்டிய இரண்டு பட்டன்களில் ஒன்றை ஒயர் மாற்றி, ஒற்றைப் பட்டனிலேயே பிரஸ் இறங்கும்படி செய்தார். அதையும் மேனேஜர்தான் வாய்வார்த்தையாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து, ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால், பிரஸ் சத்தம் நின்றுபோனதுதான் எனக்குக் கேட்டது. நாள் முழுக்க இருக்கிற சத்தம் நின்றால் காது அடைத்தது போல் ஆகும். ஓடிப்போய்ப் பார்த்தபோது அக்காவை ஏற்கெனவே வண்டியில் ஏற்றியிருந்தார்கள். வலது கையில் கட்டைவிரல் மட்டும்தான் மிஞ்சியது.

அடுத்த நாளே நிர்வாகம் ஒரு கதையைச் சொல்லத் தொடங்கியது. வேலை சீக்கிரம் முடிய வேண்டும் என்று அந்த அம்மாவே தடுப்பைக் கழற்றி வைத்துவிட்டார், தப்பு அவருடையது. பழைய தடுப்பைத் தேடியெடுத்து, அப்போதுதான் கழற்றி வைத்த மாதிரி பிரஸ் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். அது கிளிப்பில் மாட்டுகிற வகை, யார் வேண்டுமானாலும் கழற்றலாம் என்றார்கள். தொழிலாளியே வேண்டுமென்று பாதுகாப்புத் தடுப்பை நீக்கியதாக ஆகிவிட்டால் இழப்பீடு கேட்க வழி அடைபட்டுப் போகும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னைக் கூப்பிட்டு, சர்வரில் இருக்கும் அந்த ரிவிஷனை அழித்துவிட்டு முந்தைய படத்தையே வைக்கச் சொன்னார் மேனேஜர். அழித்தேன். என் கணவருக்கு வேலை போய் ஏழு மாதம் ஆகியிருந்த நேரம் அது. காரணமாகச் சொல்லவில்லை, அப்போது என் தலைக்குள் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது என்பதற்காகச் சொல்கிறேன்.

விசாரணைக்கு வந்த தொழிற்சாலை ஆய்வாளர் விடாக்கண்டராக இருந்தார். நிர்வாகம் கொடுத்த, நோட்டுப் புத்தக அளவுக்குச் சுருக்கிய பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "இதுல ஈ மொய்ச்ச மாதிரி இருக்கு. விபத்து அன்னைக்கு நடைமுறையில இருந்த படம், முழு அளவுல, ஒன்றுக்கு ஒன்று அச்சடிச்சுக் குடுங்க. மெஷின் மேல வெச்சுப் பாக்கணும்" என்றார். வெளியே கடையில் கொடுத்து அச்சடிக்க முடியாது, படம் வாடிக்கையாளரின் ரகசியம், கேட்டைத் தாண்டக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. உள்ளே இருக்கும் பிளாட்டரோ, அதுதான் அகலச் சுருளில் வரைபடம் அச்சடிக்கும் இயந்திரம், பழுதாகிக் கிடந்தது. பழுது என்றால் உடைந்து போகவில்லை. கம்ப்யூட்டர்களை எல்லாம் புதிதாக மாற்றியபோது, புது விண்டோஸுக்கு அந்தப் பழைய பிளாட்டரை ஓட்டும் டிரைவர் கிடையாது, இனி வராது என்று கைவிரித்துவிட்டார்கள். அதிலிருந்து ஸ்டோர் ரூமில், மேலே ஃபைல் அடுக்கும் மேசையாக நின்றது. "எங்கள் மெயின்டனன்ஸ் பிரிவு பிளாட்டரைச் சரிசெய்ய முயன்றுகொண்டிருக்கிறது." இந்த ஒரே வரியை எட்டு மாதம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் எழுதிக் கொடுத்தார்கள். கடிதத்தை டைப் செய்தது நான்தான்.

ஒன்பதாவது மாதம், அந்தக் கடிதத்தின் ஒரு நகல் எப்படியோ அண்ணன் கையில் கிடைத்தது. டிராயிங் ரூமுக்கு வந்து என் மேசை மேல் வைத்தார். "என் செக்‌ஷன் முயற்சி பண்ணுதுன்னு எழுதியிருக்காங்க. எனக்கு யாரும் சொல்லவே இல்லயேம்மா. எழுதிட்டாங்க, அப்ப பண்ணித்தான ஆவணும்?" என்றார். கிண்டலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அப்புறம்தான் சொன்னார், வாராவாரம் சூளகிரிக்குப் போய் அந்த அக்காவைப் பார்த்துவருகிறாராம். "ஒயரு யாரு மாத்துனதுன்னு ஒரு வாட்டியாவது கேப்பாங்கன்னு பாத்தேன். கேக்கவே இல்ல. சாப்டியாண்ணான்னு கேக்கறாங்க. அதான் தாங்கல" என்றார். மேனேஜரிடம் போய், பிளாட்டரைப் பார்க்கட்டுமா என்று முறைப்படி அனுமதி கேட்டார். மேனேஜர் சிரித்துக்கொண்டே, "பாருங்க, பாருங்க, நல்லதுதான். முயற்சி பண்ணோம்னு காட்டவும் உதவும்" என்றாராம். கம்பெனி ஆளே முடியாது என்று சொன்ன இயந்திரத்தை, பியூஸ் மாற்றுகிற ஆள் என்ன செய்துவிடுவார் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். டிராயிங் ரூம் சாவி என்னிடம் இருந்ததால் நானும் போக வேண்டியிருந்தது. முதல் ஞாயிறு முழுக்கத் துடைப்பதிலேயே போனது. தள்ளுவண்டியில் பிளாட்டரைக் கொண்டுவந்து நிறுத்தி, உருளைகளில் படிந்த இரும்புத் தூசியை டூத் பிரஷ்ஷால் எடுத்தார். மைப்பெட்டி ஓடும் கம்பிக்கு எண்ணெய் தொட்டார். காய்ந்துபோன மைமுனைகளை வெந்நீரில் நனைத்த துணிமேல் வைத்து, கல்லைப் போல உட்கார்ந்து காத்திருந்தார். கம்ப்யூட்டர் இல்லாமலே தானாக அடித்துக் காட்டும் சோதனைத் தாள் ஒழுங்காக வந்தது. "பாத்தியா, இதுக்கு ஒண்ணுமே ஆவல. இதோட பேச ஆளு இல்ல, அவ்ளோதான்" என்றார். பேசுவதற்கான ஆளை அடுத்த ஞாயிறு கொண்டுவந்தார். ஸ்கிராப்புக்கு ஒதுக்கி வைத்திருந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று, அந்த பிளாட்டரின் தடித்த கேபிள் பொருந்துகிற சாக்கெட் அதில்தான் இருந்தது. அதில் லினக்ஸ் போட்டிருந்தார். அவர் மகளுக்கு அரசுப் பள்ளியில் கொடுத்த லேப்டாப்பில் லினக்ஸும் சேர்ந்தே வந்ததாம். மகள் பெங்களூரில் வேலைக்குப் போன பிறகு, விண்டோஸ் வைரஸ் வந்து நின்றுபோன அந்த லேப்டாப்பில் மிச்சமிருந்த லினக்ஸை நோண்டி நோண்டித் தானாகவே கற்றுக்கொண்டிருந்தார். "இதுல பழைய பிரின்டருங்கள தூக்கிப் போட மாட்டாங்கம்மா. எவனோ ஒருத்தன் எங்கியோ ஒக்காந்து இன்னும் எழுதி வெச்சுட்டே இருக்கான்" என்றார்.

லினக்ஸில் அச்சு வேலையைப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளுக்குக் கப்ஸ் என்று பெயர். இணையப் பக்கம் மாதிரி திறக்கும். அதில் உள்ள பிரின்டர்களின் பட்டியல் இறங்க இறங்க முடியவே இல்லை. எங்கள் பிளாட்டரின் எண் அதில் இல்லை. பக்கத்து எண் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அப்போதுதான் நான் முதலில் சொன்ன எழுத்துகள் வந்தன. தாளைப் படித்துவிட்டு, நாம் அனுப்புகிற கட்டளையை அது கட்டளை என்று தெரியாமல் எழுத்தாகவே அடித்துத் தள்ளுகிறது என்று கண்டுபிடித்தார். வேறு டிரைவர். இந்த முறை எழுத்து வரவில்லை, படம் வந்தது, ஆனால் மூன்றடித் தாளின் ஒரு மூலையில் ஒரு சின்னத் துண்டு மட்டும், மிச்சமெல்லாம் வெள்ளை. வீட்டு பிரின்டரின் தாள் அளவையே நினைத்துக்கொண்டிருக்கிறது என்றார். தாளின் நீள அகலத்தைத் தானே ஒரு ஃபைலில் எழுதிச் சேர்த்தார். பிறகு பாதிப் படம் வந்து நின்றது. பிளாட்டரின் நினைவகம் போதவில்லை. படத்தைக் கம்ப்யூட்டரிலேயே பிரித்துப் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டும்படி மாற்றினார். ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினோம் என்று ஒரு பழைய லாக் புக்கில் எழுதி வைத்தார். இதற்கெல்லாம் சோதனைக்கு வேறு ஏதோ பிரஸ்ஸின் படத்தைத்தான் பயன்படுத்தினோம். மூன்றாவது ஞாயிறு மதியம், டிபன் பாக்ஸைக் கழுவி வைத்துவிட்டு அவர் என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"அன்னைக்கு இருந்த டிராயிங் எதும்மா?"

சர்வரில் இல்லை, அழித்துவிட்டேன் என்றேன். அது உண்மை. ஆனால் வாரக் கடைசியில் எல்லாப் படங்களையும் சிடியில் எழுதி அலமாரியில் வைக்கிற வழக்கம் எங்கள் செக்‌ஷனில் இருந்தது. மேனேஜர் அதை மறந்திருந்தார். நான் மறக்கவில்லை. அண்ணனும் மறக்கவில்லை என்பது அவர் அலமாரியைப் பார்த்த பார்வையிலேயே தெரிந்தது. ஆனால் கை வைக்கவில்லை.

"உன் பேரு அதுல இருக்குது, எனக்குத் தெரியும். ஓட்டைய அடைச்சவன் நான். எனக்கு என்னா வருமோ வரட்டும். உனக்கும் வரும். யோசிச்சு சொல்லு. வேணாம்னா இத்தோட மூடிட்டுப் போலாம், நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்" என்றார்.

எழுந்துபோய் சிடியை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை வாங்கி, சட்டையில் துடைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அந்த நிமிடத்தில் என் மனதில் என்ன இருந்தது என்பதை நான் யாரிடமும் சொல்லாமல் பல வருடம் வைத்திருந்தேன். இத்தனை நாள் பாதி பாதியாகவும் கோணலாகவும் வந்த இயந்திரத்தில் இவ்வளவு பெரிய படம் முழு அளவில் வரவே வராது என்று நம்பினேன். கொடுத்த பெருமையும் எனக்கு இருக்கும், ஒன்றும் நடக்காது. அந்தக் கணக்கில்தான் கொடுத்தேன்.

நான்காவது ஞாயிறு காலை படம் முழுதாக வந்தது. ஒரு கோடு கூட விடாமல் வந்தது. அண்ணன் அதைச் சுருட்டிக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினார், நான் பின்னால் போனேன். யாரும் இல்லாத ஷெட்டில், விபத்துக்குப் பிறகு ஓடாமல் நின்ற அந்த பிரஸ்ஸின் முகத்தில் தாளை வைத்து காந்தத்தால் ஒட்டினார். படத்தில் இருந்த நான்கு துளைகளும் மெஷினில் அவர் புட்டி அடைத்த இடத்துக்கு ஒரு விரல் அகலம் தள்ளி விழுந்தன. எனக்கு ஒரு நிம்மதி வந்தது. "போதும்ணா, இதுவே பெரிய விஷயம், ஆய்வாளருக்கு இதுவே போதும்" என்றேன். அவர் டேப்பால் அளந்து பார்த்தார். "சுருக்கிடுச்சு. தாளுக்குள்ள அடங்கணும்னு அதுவா சுருக்கிக்குது. ஒரு விரலு தள்ளிப் போச்சுன்னா, இது வேற மெஷினுன்னு சொல்லிடுவாங்க" என்றார். திரும்பப் போய், சுருக்காமல் அடிக்கச் சொல்லும் இடத்தைத் தேடினார். ஓரங்களில் பிளாட்டர் விடுகிற வெள்ளை இடத்தை அளந்து அதையும் ஃபைலில் திருத்தினார். "ரா தல்லி" என்றுகூட இந்த முறை சொல்லவில்லை. சாயங்காலம் நான்கு மணி வாக்கில் இரண்டாவது படம் வந்தது. மெஷினில் ஒட்டி, பின்பக்கம் டார்ச் அடிக்க முடியாததால், ஓர் ஊசியால் தாளில் துளையின் நடுப்புள்ளியைக் குத்தினார். பெயின்டைத் தாண்டி ஊசி புட்டிக்குள் மெத்தென்று இறங்கியது. நான்கு இடத்திலும் இறங்கியது. அவர் கீழே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி, முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுதாரா என்று தெரியவில்லை. நான் சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆய்வாளர் வந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை. சூளகிரி அக்காவும் வந்திருந்தார், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. நிர்வாகம் வழக்கமான கடிதத்தை நீட்டியபோது, கதவருகே நின்ற அண்ணன், "சார், பிளாட்டரு ஓடுது சார். பிரின்ட் இருக்குது" என்றார். மேனேஜர் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. எல்லோருமாக ஷெட்டுக்குப் போனோம். தாளை ஒட்டினார்கள். துளையை அடைக்கச் சொல்லும் என் குறிப்பை ஆய்வாளர் உரக்கப் படித்தார். பிறகு தன் பைக் சாவியால் பச்சை பெயின்டைச் சுரண்டினார். புட்டி பொடிப் பொடியாக உதிர்ந்தது. உள்ளே போல்ட் மரை பளபளவென்று தெரிந்தது. பிரஸ் ஓட்டுகிற ஒரு பெண் தடுப்பைக் கழற்றலாம். துளையை அடைத்துப் பெயின்ட் அடித்துவிட்டா தகடு வைப்பாள்? ஆய்வாளர் இதைச் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

வாக்குமூலம் மதியத்துக்கு மேல் கேன்டீனில் என்றார்கள். இடையில் மேனேஜர் என்னை மாடிப்படிக்குக் கீழே நிறுத்தினார். கோபமே படவில்லை. "அப்ரூவல் கட்டம் காலியா இருக்குது, பாத்தீங்களா? உங்க இனிஷியல் மட்டும்தான் இருக்குது. நான் சொன்னேன்னு நீங்க சொன்னா, நான் இல்லன்னு சொல்லுவேன். அப்புறம் உங்க ஒருத்தர் மேலதான் நிக்கும். யாரு சொன்னாங்கன்னு நினைவில்லன்னு சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்" என்றார்.

கேன்டீனில் அண்ணனை முதலில் கேட்டார்கள். ஒன்றையும் மறைக்கவில்லை. கார்டு கழற்றியது நான், ஓட்டை அடைத்தது நான், பட்டன் ஒயர் மாற்றியது நான், சொன்னது மேனேஜர் என்றார். எழுத்தில் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை என்றார். பிறகு என்னை. இது உங்கள் இனிஷியலா? ஆமாம். யார் சொல்லி வரைந்தீர்கள்? "நினைவில்லைங்க சார்" என்றேன். ஆய்வாளர் பேனாவை எடுக்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். இன்னொரு முறை கேட்டார். இன்னொரு முறையும் அதையே சொன்னேன். அண்ணன் இருந்த பக்கம் நான் திரும்பவே இல்லை.

சூளகிரி அக்கா மேல் தப்பில்லை என்று முடிவாகி, அவருக்கு வர வேண்டியது வந்தது. அந்தத் தாள் அந்த அளவுக்கு வேலை செய்தது. மற்றதெல்லாம் கீழ்நோக்கி இறங்கியது. ஒப்புதல் கையெழுத்து இல்லாத படம் உத்தரவு ஆகாது என்று சொல்லி, மேலதிகாரி உத்தரவு இல்லாமல் தானாகவே பாதுகாப்புச் சாதனங்களை நீக்கியதாக அண்ணனை வேலையிலிருந்து எடுத்தார்கள். அஜாக்கிரதையால் காயம் விளைவித்ததாக அவர் பேரில் ஒரு வழக்கும் பதிவானது. சிப்காட்டில் இந்த மாதிரிச் செய்திகளுக்குக் கால் உண்டு. எந்த கேட்டிலும் அவரை உள்ளே விடவில்லை. கெலமங்கலம் பக்கம் ரோஜா வளர்க்கும் பசுமைக்குடில்களில் மோட்டார் பார்க்கிற வேலைக்குப் போனார். வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி ஓசூர் கோர்ட்டுக்கு வந்துபோனார். ஒருமுறை பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்தேன். கையில் கேஸ் கட்டு, மூக்குக்கண்ணாடியில் இன்னொரு காலிலும் டேப். நான் அடுத்த பிளாட்பாரத்துக்குப் போய் நின்றுகொண்டேன். மேனேஜர் அதற்குள் அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகாவில், இன்னும் பெரிய கம்பெனிக்குப் போய்விட்டார். எனக்குச் சீனியர் என்று ஒரு பதவி கொடுத்தார்கள்.

வழக்கு முடியும் முன்பே அண்ணன் இறந்தார். பசுமைக்குடிலில் பம்ப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை, நெஞ்சுவலி என்றார்கள். சாவுக்குப் போனேன். வீட்டுக்குள் போகாமல் தெருமுனையில் வேப்பமரத்தடியில் நின்றேன். சூளகிரி அக்கா என்னைப் பார்த்தார், தலையசைத்தார், உள்ளே போனார். அந்தத் தலையசைப்பு என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு மாதம் கழித்து சூளகிரிக்குப் பஸ் ஏறினேன்.

வீட்டு வாசலில் சணல் சாக்கு விரித்து, மார்க்கெட்டுக்குப் போகிற கொத்தமல்லியைக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். வலது உள்ளங்கையால் தழையை முழங்காலோடு அழுத்திப் பிடித்து, இடது கையால் வாழைநாரைச் சுற்றி, பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டார். ஒரு கட்டு முடிய எவ்வளவு நேரம் என்று என்னையறியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன்.

"அக்கா, அன்னைக்கு எனக்கு நினைவு இருந்துச்சு. மேனேஜர்தான் வந்து சொன்னாரு" என்றேன்.

"தெரியும்மா" என்றார். கை நிற்கவில்லை. "உன்னக் கேட்டப்ப அண்ணன் உன்னத்தான் பாத்துட்டிருந்தாரு. நான் அவரப் பாத்துட்டிருந்தேன். நினைவில்லன்னு நீ சொன்னதும், பரவால்லன்ற மாதிரி தலைய ஆட்டுனாரு. நீ இந்தப் பக்கம் திரும்பவே இல்ல."

முடித்த கட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவரே பேசினார்.

"இங்க வரப்பல்லாம் நான் உன்னத் திட்டுவேன். திட்டாதீங்கன்னுவாரு. அந்தப் பொண்ணு சிடி எடுத்துக் குடுக்கலன்னா ஒண்ணுமே நடந்திருக்காது, வேலை போனாலும் போவட்டும்னு துணிஞ்சு குடுத்துச்சு, எனக்கு இருக்கற தைரியத்தவிட அதுக்கு ஜாஸ்தின்னு சொல்லுவாரு. சாவறதுக்கு முந்தின வாரம்கூட சொன்னாரு."

அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். அந்த ஒரு நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். ஆனால் அதையும் வைத்துக்கொண்டு ஊர் திரும்ப என்னால் முடியவில்லை.

"தைரியமெல்லாம் இல்லக்கா. அந்த மெஷின் ஓடாதுன்னு நெனச்சுத்தான் குடுத்தேன்."

முதல் முறையாக அவர் கை நின்றது. வாயில் பிடித்திருந்த நாரை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அத அவருகிட்ட சொன்னியா?"

"இல்லக்கா."

"நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டுக்குத் தழையை அள்ளினார்.